ஊசி எழுதிய கோலம்

சங்கப் பாடல்களில் தலைவன் தலைவியின் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதுகிறான். சந்தனக் குழம்பால் கொடி வரைகிறான், கரும்பு வரைகிறான். அந்தச் செயலுக்குப் புலவர்கள் தேர்ந்த வினைச்சொல் ‘எழுதுதல்’ என்பதாகும். ஓவியத்துக்கும் எழுத்துக்கும் ஒரே வினையை வழங்கிய மொழி, பெண்ணின் மேனியில் வரைவதையும் அதனுள் அடக்கிற்று. ஆனால் தொய்யில் நிலைப்பதன்று. வியர்வையில் கரையும், தழுவலில் சிதையும், நீராடினால் போய்விடும். மீண்டும் எழுதத் தலைவன் வரவேண்டும் என்னும் ஏக்கமே அதன் அழகு. தொய்யிலே பிற்காலத்தில் பச்சை குத்துதலாக மாறிற்று என்று கூறுவோர் உண்டு. அக்கூற்று ஏற்கத்தக்கதாக இல்லை. ஒன்று அழிவதற்காகவே எழுதப்படுவது. மற்றொன்று அழியாமைக்காகவே குத்தப்படுவது. எழுதியவன் காதலன், குத்தியவள் கூலிக்கு வந்த குறத்தி. நோக்கும் வேறு, கையும் வேறு.

தமிழ்ச் சொல்லாட்சியே இவ்வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. பச்சையை எவரும் ‘எழுதிக்கொண்டேன்’ என்று சொல்வதில்லை. ‘குத்திக்கொண்டேன்’ என்றே சொல்கின்றனர். நோவு அச்சொல்லிலேயே இருக்கிறது. ‘பச்சை’ என்ற பெயர் வந்த வழியும் எண்ணத்தக்கது. தோலுக்குள் ஏற்றப்படும் பொருள் பச்சை நிறமன்று. அது விளக்குக் கரி. கரிய துகள் தோலுக்கு அடியில் தங்கும்போது, மேலுள்ள தோல் ஒளியைச் சிதறச் செய்வதால் கண்ணுக்கு நீலமும் பசுமையுமாகத் தெரிகிறது. ஊர்ப் பெண்கள் கண்ணால் கண்டதற்குப் பெயரிட்டனர்; கிண்ணத்தில் இருந்ததற்கு அன்று.

அந்தக் கரியை உண்டாக்கிய முறை தனிக் கலை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் இதனை விரிவாகப் பதிந்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து மெல்லிய துணியில் தடவுவர். துணியைத் திரியாகச் சுருட்டி ஆமணக்கெண்ணெய் விளக்கில் இட்டு ஏற்றுவர். சுடர்மேல் புதிய மண்கலம் ஒன்றைக் கவிழ்ப்பர். கலத்தின் உட்புறத்தில் படிந்த புகைக்கரியைச் சுரண்டியெடுத்து, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை ஆயிற்று. கருவி, தையல் ஊசிகள்தாம். நுண்ணிய கோட்டுக்கு ஓர் ஊசி. பட்டையான கோட்டுக்கு மூன்று நான்கு ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டிய கற்றை. முதலில் மழுங்கிய குச்சியை மையில் தோய்த்து உருவை வரைந்துகொள்வாள். பின்னர் அக்கோட்டின்மேல் குத்திக்கொண்டே செல்வாள். குத்தி முடித்ததும் இடத்தைக் கழுவி மஞ்சள் தடவுவாள். நிறம் எடுப்பதற்கும் வீக்கம் தணிவதற்கும் அதுவே மருந்து. சில நாள் கை வீங்கியிருக்கும். பொருக்கு உதிர்ந்த பிறகே கோலம் முழுவதும் கண்ணுக்குப் புலனாகும்.

இவ்வளவையும் தர்ஸ்டன் எழுதியதில் ஒரு முரண் உண்டு. அவர் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து, அளவைக் கொண்டு குலத்தை வகுக்கலாம் என்று நம்பியவர். அவ்வளவுகளுக்கு இன்று அறிவியல் மதிப்பு ஏதுமில்லை. அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெண் திரி கொளுத்துவதைப் பார்த்து எழுதிய பக்கங்களே நின்றன.

அவர் கண்ட பெண்கள் பெரும்பாலும் குறவர் குலத்தவர். இங்கு ஒரு தெளிவு வேண்டும். ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர் வேறு. அவர்கள் மொழி வாக்ரி. பச்சை குத்திய குறவர், தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்த வழக்கைப் பேசியவர்கள். ஆந்திரத்தில் எருகுலர் எனப்படுவோருக்கு உறவினர். ஆடவர் கழுதைகளிலும் எருதுகளிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகச் சென்றனர், கூடை முடைந்தனர். பெண்டிர் குறி சொல்லினர், பச்சை குத்தினர். குறவஞ்சி இலக்கியம் படித்தோர்க்கு இக்குறத்தியை நன்கு தெரியும். கூடையும் மாத்திரைக்கோலும் ஏந்தி வந்து, தலைவியின் கையைப் பற்றிப் பார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுபவள் அவளே. புலவர்கள் அவளுடைய சொல்லை மேடையேற்றினர், ஊசியை ஏற்றவில்லை. தலைவியின் கையைப் பற்றும் உரிமை அவளுக்கு எங்ஙனம் வந்தது என்பதற்கு ஊசியும் ஒரு விடையாகலாம். எந்தக் குலத்துப் பெண்ணும் தன் முன்கையை அவள் மடிமேல் வைக்கத் தயங்காத தொழில் அது.

அறுவடை முடிந்து வீட்டில் தானியம் இருக்கும் நாளே அவள் வரும் நாள். திண்ணையில் பாயை விரித்தால் தெருப் பெண்கள் கூடிவிடுவர். என்ன குத்துவது என்பதைப் பெரும்பாலும் தாயரும் பாட்டியருமே முடிவு செய்தனர். குத்தப்படுபவள் பூப்பெய்தாத சிறுமி. தேள், மீன், தாமரை, தேர், வீட்டு வாசலில் போடும் புள்ளிக் கோலம் ஆகியன முன்கைக்கு உரியவை. நெற்றி நடுவிலும் முகவாயிலும் ஒற்றைப் புள்ளி. குழந்தை கதறும்போது குறத்தி பாடுவாள். கண்ணே, சற்றுப் பொறு, ஆயிற்று என்று ஆற்றும் பாட்டு அது. தாலாட்டையும் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் திரட்டிய நம் நாட்டுப்புறத் தொகுப்பாளர்கள் பச்சைகுத்தும் பாட்டுக்கு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. வலியைத் தாளத்தில் அடக்கிய பாட்டு வகை தமிழில் வேறு எத்தனை இருக்கிறது? கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இழப்பு இது.

கூலி, தானியமும் வெற்றிலை பாக்கும் பழைய சேலையும். கை முழுதும் குத்தினால் சில அணாக்களும் உண்டு.

வாசற்கோலத்துக்கும் கைக்கோலத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்களுள் ஜான் லேயர்ட் குறிப்பிடத்தக்கவர். லண்டனிலிருந்து வெளிவரும் ‘ஃபோக்லோர்’ இதழில் 1937இல் அவர் எழுதிய கட்டுரை, தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் அருகருகே வைத்து நோக்கிற்று. பசிபிக் பெருங்கடலின் மலெக்குலாத் தீவில் முன்னர் ஆய்வு செய்தவர் அவர். அத்தீவில், இறந்தோர் ஆவி மறுவுலகு செல்லும் வழியில் ஒரு புதிர்க்கோலத்தை முடித்துக் காட்டவேண்டும் என்ற நம்பிக்கை இருந்தது. சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும் தமிழ்க் கோலமும் அத்தகையதோ என்று அவர் வினவினார். கடல் கடந்த அந்த ஒப்பீடு மிகையாகவே தோன்றுகிறது. ஆயினும் அவர் தொட்ட நரம்பு பொய்யன்று. பொன்னும் வெள்ளியும் இடுகாட்டு வாயிலில் கழற்றப்படும், பச்சை ஒன்றே உடன் வரும் அணி என்று நம்பிய பெண்கள் தமிழகத்திலும் இருந்தனர். பிற மாநிலங்களிலும் இருந்தனர். அடகு வைக்க முடியாத நகை, கள்வன் கொள்ளாத நகை, கணவன் வீட்டார் கேட்டு வாங்க முடியாத நகை என ஏழைப் பெண் அதற்கு ஏற்றிய மதிப்புப் பல.

நெற்றிப் புள்ளியின் கதை இன்னும் கூரியது. கணவன் இறந்தால் பூவும் பொட்டும் பறிக்கப்பட்ட காலம் அது. வளையலை உடைத்தனர், குங்குமத்தை அழித்தனர். சிறுமியாயிருந்தபோது குறத்தி குத்திய பச்சைப் புள்ளியை மட்டும் எந்த உறவினர் கையாலும் துடைத்தெடுக்க இயலவில்லை. வெண்புடவை உடுத்திய முதியவளின் நெற்றியில் அப்புள்ளி, அவள் சாகும்வரை இருந்தது. அதை எவரும் புரட்சி என்று அழைத்ததில்லை. அவளே அதைப் பற்றிப் பேசியிருக்கவும் மாட்டாள்.

மேனியில் நீங்காக் குறி இடும் வழக்கத்துக்குத் தமிழகத்தில் வேறொரு மரபும் உண்டு. அது ஊசியினுடையதன்று, நெருப்பினுடையது, முத்திரையினுடையது. சமண சமயத்திலிருந்து மீண்ட திருநாவுக்கரசர் பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடத்தில் பாடிய பதிகத்தின் கருத்து இங்கு நினைக்கத்தக்கது. முன்பு சார்ந்த சமயத்தில் தோய்ந்த இவ்வுடலோடு உயிர்வாழ அவர் மனம் ஒப்பவில்லை; சூலக்குறியையும் இடபக்குறியையும் தம்மேல் பொறிக்குமாறு இறைவனை வேண்டுகிறார். யாரும் அறியாமல் சிவபூதம் ஒன்று வந்து அவர் தோள்களில் அவற்றைப் பொறித்தது என்கிறார் சேக்கிழார். வைணவரும் ஆசாரியரிடம் வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் சூட்டுப்பொறியாக ஏற்கின்றனர். வேண்டிப் பெற்ற குறிகள் இவை. ‘இனி நான் இவருக்கு உரியன்’ என்று ஒருவர் தம் உடலாலேயே கையொப்பமிடும் செயல்.

அதே சூலக்குறி வேண்டாதவர்மேலும் விழுந்தது. கோயில்களுக்கு உரிமையாக்கப்பட்ட தேவரடியார்க்குச் சூல முத்திரை இடப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. திருக்காளத்திக் கோயிலுக்குரிய சிலர்மேல் அரண்மனை முத்திரை தவறாக இடப்பட்டு, பின்னர் அரசன் ஆணையால் அதை நீக்கிச் சூலம் இட்ட செய்தியும் உண்டு. நீக்குதல் என்று கல்லில் பொறிப்பது எளிது. ஒரு சூட்டுத் தழும்பின்மேல் மற்றொன்றை ஏற்ற தோள் யாருடையது என்று கல்வெட்டு கேட்கவில்லை. அது கோயிலுக்கும் அரண்மனைக்கும் இடையிலான வழக்காகவே பதிவாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது, குறி இடும் உரிமை சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. ஊர்ப்பெண்கள் அழகுக்குக் குத்திக்கொண்ட பச்சைக்கு வடநாட்டில் ‘கோத்னா’ என்று பெயர். கம்பெனி அந்தப் பெயரையும் கையையும் கடன் வாங்கித் தண்டனையாக்கிற்று. வங்காளத்தில் 1797ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஆயுள் தண்டனை பெற்றவர் நெற்றியில் அவர் பெயரும் குற்றமும் தீர்ப்பு நாளும் குத்தப்பட்டன. சென்னை மாகாணமும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையை மேற்கொண்டது. தப்பியோடினால் அடையாளம் காணவேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். 1849இல் சட்டம் இயற்றி இதனைக் கைவிட்டனர். ஆனால் ஏற்கெனவே குத்திய நெற்றிகளுக்கு அந்தச் சட்டத்தால் பயன் இல்லை.

அந்நெற்றிகள் கடல் கடந்தன. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குச் சென்னை மாகாணத்திலிருந்து கைதிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். சிங்கப்பூரின் பழைய சாலைகளும், 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அந்திரேயா பேராலயமும் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தவை. கைதிகளை மேற்பார்த்த மக்நேர் பின்னாளில் எழுதிய நூலில் இந்த நெற்றி எழுத்துகளைக் குறிப்பிடுகிறார். விடுதலை பெற்றவர் தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டினர். முடியை நெற்றியில் விழவிட்டனர். தலையெழுத்து என்று தமிழர் பேச்சில் வழங்கும் சொல் அவர்களுக்கு உவமையாக இருக்கவில்லை. அழகின் கருவி அவமானத்தின் கருவியாக மாற, ஊசியையோ கரியையோ மாற்றவேண்டியிருக்கவில்லை என்பதே இதில் நெஞ்சை உறுத்துவது. குத்து என்று சொன்னவர் யார் என்பது மட்டுமே மாறிற்று.

பின்னர் அதே அரசின் கண் குத்தியவள்மேலேயே திரும்பியது. இருப்புப் பாதை வந்து உப்பும் தானியமும் வண்டியேறியதும் குறவரின் பொதி எருதுகளுக்கு வேலை குறைந்தது. உப்பின் மீதான அரசுக் கட்டுப்பாடு எஞ்சிய வாணிகத்தையும் நெருக்கிற்று. தொழில் இழந்து அலைந்தோரை அரசு ஐயத்தோடு நோக்கிற்று. வடநாட்டில் 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவருள் பல பிரிவினர் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். பெயரைப் பதிந்து, விரல் ரேகையை எடுத்து, இருப்பிடம் மாறினால் அறிவிக்க வேண்டும் என்றனர். ஊர் ஊராகச் சென்றால்தான் பச்சை குத்த முடியும்; ஊர் விட்டு ஊர் சென்றால் குற்றம். நூறு ஊர்ப் பெண்களின் கையில் கரி தோய்ந்த கோலம் இட்டவள், காவல் நிலையத்தில் தன் விரலைக் கரிய மையில் தோய்த்து ஒற்றினாள். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல். ‘குற்றப் பரம்பரை’ என்ற சொல்லின் கறை அவ்வளவு விரைவில் போகவில்லை.

நாடு விடுதலை பெற்ற பின் பச்சையின் இடம் திண்ணையிலிருந்து திருவிழாத் திடலுக்கு நகர்ந்தது. நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரெய்லி 1891இல் காப்புரிமை பெற்ற மின்னூசி இயந்திரத்தின் எளிய வழித்தோன்றல்கள், மின்கலத்தோடு ஊர்த் திருவிழாக்களுக்கு வந்தன. பலகையில் ஒட்டிய படங்களிலிருந்து ஆடவரும் தேர்ந்துகொண்டனர்: வேல், சிலுவை, பிறை, காதலியின் பெயர், நடிகரின் பெயர். பாட்டு நின்றது, இயந்திரத்தின் இரைச்சலில் பாடுவதற்கு இடமில்லை. கோலத்தின் இடத்தை எழுத்து பிடித்தது. முன்பு கையைப் பார்த்தால் ஊரும் குலமும் ஓரளவு தெரியும். இப்போது ஆள் யாரை விரும்பினான் என்பது தெரிந்தது.

அரசியலும் அந்தக் கையைக் கண்டுகொண்டது. 1972இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிய எம்.ஜி.ஆர்., 1970களின் நடுவில், கட்சியினர் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளவேண்டும் என்றார். தொண்டர் பலர் மகிழ்ச்சியோடு குத்திக்கொண்டனர். தலைவர்களுள் சிலர் மறுத்தனர். தொண்டனுக்கும் தலைவனுக்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிந்தது. கட்சி மாறும் வாய்ப்பு யாருக்கு உண்டோ அவருக்கே தோலில் கொடி இடையூறு. 2016இல் ஜெயலலிதாவின் பிறந்தநாளை ஒட்டிச் சென்னையில் அவர் முகத்தைக் கையில் குத்திக்கொண்டோர் இருந்தனர். பெண்களும் அவர்களுள் அடங்குவர். அவ்வாண்டு டிசம்பர் 5இல் அவர் மறைந்தார். பிறகு கட்சி பிளந்தது, கூடியது, மீண்டும் பிளந்தது. முன்கையில் இருந்த முகம் எந்த அணியிலும் சேராமல் அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகச் சென்னையில் 1986இல் கண்டறியப்பட்ட பின்னர், ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தும் பச்சைக்காரர்மீது அச்சம் படர்ந்தது. அச்சம் நியாயமானதே. அதோடு வேறொன்றும் நடந்தது. பள்ளி சென்ற பேத்தியர், பாட்டி கையிலிருந்த பச்சையை நாகரிகம் அறியாமையின் அடையாளமாகக் கருதத் தொடங்கினர். முழுக்கைச் சட்டைக்குள் பச்சையை மறைத்துக்கொண்டு அலுவலகம் சென்றோர் உண்டு. லேசர் வந்தபின் காசு கொடுத்து அழித்தோரும் உண்டு. குத்தியபோது பட்ட வலியினும் அது மிகுதி என்பர். அடுத்த தலைமுறைக்குள் காற்று திசை மாறிற்று. சென்னையிலும் கோவையிலும் ‘டாட்டூ’ என்ற பலகையோடு குளிரூட்டிய கடைகள் எழுந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி, கையுறை, முன்பதிவு, தாளில் வரைந்து ஒப்புதல் பெறும் படம் எனத் தொழில் புதுக்கோலம் கொண்டது. பாட்டி வெட்கப்பட்ட இடத்தில் பேத்தி ஆயிரங்கள் கொடுத்துப் பூவோ பறவையோ குத்திக்கொள்கிறாள். வாசற்கோலத்தைக் கேட்டு வருவோரும் உளர். குறவர் குலத்து ஊசி அந்தக் கடைகளுக்குள் நுழையவில்லை.

பச்சை ஏன் அழிவதில்லை என்பதற்கு அறிவியல் அண்மையில்தான் முழு விடை கண்டது. மேல்தோல் ஓயாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. அங்கு நின்ற மை தங்காது. ஊசி அதற்கும் கீழே இறங்கவேண்டும். மிக ஆழ்ந்தால் மை பரவிக் கோடு கலங்கும். மயிரிழை போன்ற அந்த இடைவெளியைக் குறத்தியின் விரல் அறிந்திருந்தது. அங்கு இறங்கிய கரித்துகளை, அயற்பொருளை விழுங்கும் உயிரணுக்கள் விழுங்கிக்கொள்கின்றன. செரிக்க முடியாமல் சுமக்கின்றன. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் செய்த ஆய்வில் அடுத்த செய்தி வெளியாயிற்று. சுமக்கும் உயிரணு இறக்கிறது. துகள் வெளியே விழுகிறது. அவ்விடத்துக்கு வரும் புதிய உயிரணு அதை மறுபடி எடுத்து விழுங்குகிறது. ஆக, பச்சை ஒரே உயிரணுவில் வாழ்வதன்று. ஒன்று இறந்து மற்றொன்று ஏந்தி, கை மாறிக் கை மாறி, குத்தப்பட்டவள் வாழும் நாள் முழுதும் அதே இடத்தில் இருக்கிறது.

அவளோடு அது போய்விடுகிறது. ஓலைச்சுவடியைப் படியெடுத்தோர் இருந்தனர். கல்வெட்டுக்கு மைப்படி எடுத்தோர் இருந்தனர். முன்கையைப் படியெடுத்தோர் மிகச் சிலரே. தர்ஸ்டனின் பக்கங்களிலும் லேயர்டின் கட்டுரையிலும் அச்சேறிய கோலங்கள், ஒரு சந்தை நாளில் ஒரு கிராமத்துத் தெருவில் நடந்த கைகளில் இருந்தவற்றைவிடக் குறைவு. குத்தியவர்களின் பெயர் அவற்றிலும் இல்லை. உட்கைகளில் பச்சை மங்கிய பெண்கள் சிலர் இன்றும் இருக்கின்றனர். பெரும்பாலும் எண்பது கடந்தவர்கள். எந்த ஊரிலிருந்து வந்த குறத்தி, என்ன பாட்டுப் பாடினாள் என்று கேட்டால், பாட்டின் இரண்டோர் அடி நினைவிருக்கும் சிலருக்கு.